சும்மாட்டுத் தடம்

போன வாரம் நம் பள்ளிக்கூடத் தோழிகள் குழுவில் ஒருத்தி கேட்டிருந்தாள். மகன் குடும்பத்தோடு மூணாறு போனாளாம். வரையாட்டுப் பூங்கா வாசலில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று, ஆட்டைப் பார்த்தது ஐந்து நிமிடமாம். "கூட்டமில்லாம நடக்கிற மாதிரி ஒரு பாதை, ஓட்டலா இல்லாம வீடு மாதிரி தங்க ஒரு எடம், நம்ம போடிப் பக்கம் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டிருந்தாள். உங்களில் பாதிப் பேர் பதிலுக்கு முழங்கால் வலியைப் பற்றி எழுதினீர்கள். நான் "இருக்கு" என்று மட்டும் போட்டுவிட்டுப் போனைக் கீழே வைத்துவிட்டேன். எந்தப் பாதை, யார் வீடு என்று ஆரம்பித்தால் அது போனில் அடங்காது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்களெல்லாம் போடியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். நான் ஆறாம் வகுப்புக்குத்தான் உங்களோடு வந்து சேர்ந்தேன். அதற்கு முன்னால் குரங்கணியில் இருந்தோம். நான் சொல்லப்போவது எனக்குப் பத்து வயதில் வந்த ஒரு மார்கழி மாதம். அரைப்பரீட்சை லீவு. காப்பிப் பழம் பறித்துத் தோலுரிக்கும் காலம். ஊர் முழுக்கப் புளித்த வெல்லம் மாதிரி ஒரு வாடை அடிக்கும். களங்களில் பாய் பாயாகக் காப்பிக்கொட்டை காயும். உரித்த தோல் குவியல் மேல் தேனீக்கள் மொய்க்கும். அந்தப் பிசுபிசுப்பு காலில் ஒட்டினால் இரண்டு நாளைக்குப் போகாது.

அப்பா ஜீப்பு ஓட்டினார். சொந்த ஜீப்பு. குரங்கணிக்கும் போடிக்கும் காப்பி மூட்டை, ஏலக்காய் மூட்டை, ஆட்கள் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவார். கிளீனராக இருந்து, டிரைவராகி, பிறகு பழைய வண்டி ஒன்றை வாங்கித் தானே பிரித்து மாட்டியவர். எங்கள் வீட்டின் முன்னறையில் மனிதர்கள் இருந்ததே இல்லை. டயர், ஆயில் டின், உடைந்த ஸ்பிரிங் பட்டை என்று எல்லாம் ஜீப்பின் சாமான்கள். கிரீஸ் வாடைதான் எங்கள் வீட்டு வாடை.

அம்மா மேலே ஓர் ஏலத்தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். ஜீப்பு ரோடு வருவதற்கு முன்னால் மலைக்கு அரிசியும் உப்பும் தலைச்சுமையாகத்தான் போகும். ஏலக்காய் தலைச்சுமையாகத்தான் இறங்கும். பன்னிரண்டு வயதிலிருந்து ஏழு வருடம் அம்மா அந்தச் சுமை தூக்கியிருக்கிறாள். அவள் தலைக்கு நான் எண்ணெய் தேய்த்துவிடும்போது உச்சியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு முடி இல்லாமல் வழுவழுவென்று இருக்கும். சின்னப் பிள்ளையாக இருந்தபோது எல்லா அம்மாக்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். சுற்றியிருக்கும் முடியை இழுத்து அதை மூடிக் கொண்டை போட்டுக்கொள்வாள்.

பெண் கேட்டு லயத்துக்குப் போன அன்றே அப்பா சொன்னாராம்: "என் வீட்டுக்கு வந்துட்டா இவ தலையில ஒரு கொடம்கூட ஏறாது." அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். ஆற்றுத் தண்ணீரை டிரம்மில் நிரப்பி ஜீப்பில் கொண்டுவருவார். விறகும் ஜீப்பில் வரும். கோவிலுக்குப் போவதானாலும் ஜீப்புதான். ஊர்ப் பெண்கள் இடுப்பிலும் தலையிலும் குடத்தோடு நடக்கும்போது, அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து போவாள். என் அத்தை, அப்பாவின் அக்கா, இதைப் பார்த்துப் பொருமியே பாதி நாளைக் கழித்தாள்.

அந்த மார்கழியில்தான் லைப்ரரியம்மா வந்தார்.

திருச்சியில் ஏதோ கல்லூரி நூலகத்தில் வேலை என்றார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டி, கான்வாஸ் ஷூ போட்டிருந்தார். முதுகில் பச்சை நிறத்தில் ஒரு பெரிய பை. ஒவ்வொரு லீவுக்கும் ஒரு மலைக்குப் போய் நடப்பாராம். தோட்டத்து பங்களாவில் தங்கலாம் என்று நம்பி வந்திருக்கிறார். தனியாக வரும் பெண்ணுக்கு அறை கிடையாது என்று அங்கே இருந்தவர் சொல்லிவிட்டார். அடுத்த பஸ் மறுநாள்தான். டீக்கடை மாமா அவரைக் கூட்டிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, பாவமா இருக்கு. ஒங்க வீட்டுல பொம்பள இருக்கு, புள்ளைக இருக்கு. ரெண்டு நாளைக்கு ஒரு எடம் குடுங்களேன்."

அப்பா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "ரெண்டு நாளென்ன, இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்" என்று சொல்லி, அவரே டயர்களை உருட்டி வெளியே போட்டார். அம்மா தரையைச் சாணிபோட்டு மெழுகினாள். கிரீஸ் கறை மட்டும் போகவில்லை. லைப்ரரியம்மா அதன்மேல் பாயை விரித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் அப்பா ஜீப்பைத் துடைத்து நிறுத்திவிட்டுக் கேட்டார். "எங்கம்மா போகணும்? ஏலத்தோட்டம் பாக்கணுமா? சொல்லுங்க, கொண்டுபோயி விடுறேன்."

"இல்லைங்க. நான் நடக்கத்தான் வந்திருக்கேன்."

"நடந்து எங்க போகணும்?"

"எங்கேயும் இல்ல. சும்மா நடக்கணும்."

அப்பாவுக்கு அது பிடிபடவே இல்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் சொன்னார்: "நடந்து நடந்தே நம்ம சனம் பாதி செத்துச்சு. இந்தம்மா அம்புட்டுத் தூரத்துல இருந்து நடக்கிறதுக்குன்னு வந்துருக்கு. என்ன கொறையோ." அத்தை அது ஏதோ வேண்டுதல் என்று முடிவு கட்டினாள். பிள்ளை இல்லாதவள், மலைமேல் உள்ள சாமிக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லியும் விட்டாள். அவருக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். யாரும் கேட்கவில்லை.

முதல் இரண்டு நாளும் அவர் ஜீப்பு ரோட்டில் நடந்துவிட்டு, தலையெல்லாம் செம்மண்ணாகத் திரும்பி வந்தார். போகிற வருகிற ஜீப்பெல்லாம் நிறுத்தி, "ஏறிக்கங்கம்மா" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். மறுத்து மறுத்தே அலுத்துப்போனார். இரண்டாம் நாள் சாயங்காலம் கேட்டார்: "வண்டி வராத பாதை எதுவும் இல்லையா இங்க?"

"இருக்கிற ஒத்த ரோடு அதான்மா" என்றார் அப்பா.

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "இருக்கு" என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். "அது இப்ப எங்க இருக்கு? உண்ணிச்செடி மூடி நாளாச்சு."

"தடம் அழியாது. அம்புட்டுப் பேரு நடந்துருக்கோம்."

சும்மாட்டுத் தடம் என்று அதற்குப் பெயர். சுமைக்குக் கீழே தலையில் சுருட்டி வைக்கிற துணிதான் சும்மாடு. அதை வைத்து நடந்தவர்கள் எல்லாம் பெண்கள் என்பதால், ஆண்களுக்கு அந்தத் தடம் அவ்வளவாகத் தெரியாது. அன்றைக்குத்தான் அந்தப் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டேன். அப்படி ஒரு வழி இருந்ததை அம்மா என்னிடம் சொன்னதே இல்லை.

அடுத்த நாள் விடிந்ததும் அப்பா ஏலக்காய் லோடு ஏற்றிக்கொண்டு போடிக்குக் கிளம்பினார். வண்டி கிளம்பும்போது அம்மா சொன்னாள்: "அந்தம்மாவுக்குத் தடம் தொடங்குற எடத்த மட்டும் காமிச்சிட்டு வந்துர்றேன்."

"காமிச்சிட்டு வெரசா வந்துரு" என்றார் அப்பா.

தம்பியை அத்தை வீட்டில் விட்டோம். அம்மா புளிச்சோறு கட்டி எடுத்திருந்தாள், மூன்று பேருக்கு. அதைப் பார்த்ததுமே, இவள் காட்டிவிட்டு மட்டும் வரப்போவதில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

தோட்ட வேலியைத் தாண்டி, ஆற்றுப் பாலத்திலிருந்து பிரிந்து அந்தத் தடம் ஏறியது. பாலம் வரைக்கும் ஜீப்பு ரோடு. ஊரிலிருந்து இரண்டு மைல் இருக்கும். அதற்கு மேல் ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி. அம்மா அரிவாளை எடுத்து இரண்டு பக்கமும் வீசிக்கொண்டே போனாள். கொஞ்ச தூரத்தில் செடி விலகியது. காப்பி மரங்களுக்கு நடுவில், காலடி அகலத்துக்குக் கல் தேய்ந்து பளபளவென்று ஒரு வழி கிடந்தது. லைப்ரரியம்மா குனிந்து அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தார்.

நான் பார்த்த அம்மா வேறு, அன்றைக்கு மலையேறின அம்மா வேறு. வீட்டில் மெதுவாக நடக்கிறவள். மேலே போகப் போக அவள் நடை மாறிவிட்டது. கழுத்து நேராக நின்றது. கால் மட்டும் தானாகப் போனது. ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் சொன்னாள். மூச்சுப்பாறை. அங்கே நின்று எல்லோரும் ஒன்றாக மூச்சு விடுவார்களாம். பொய்ச்சுனை. தண்ணீர் இருக்கும் என்று நம்பி வந்தால் பாதி நாள் இருக்காதாம். அந்தப் பெயர்களெல்லாம் எந்தக் காகிதத்திலும் இல்லை. லைப்ரரியம்மா மட்டும் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். அந்த நோட்டு இப்போது எங்கே இருக்கிறதோ.

மூச்சுப்பாறையில் ஒரு பிளவு இருந்தது. அம்மா அதற்குள் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினாள். பாம்பு இருக்குமென்று நான் கத்தினேன். அவள் வெளியே எடுத்தது துருப்பிடித்த ஒரு சுண்ணாம்பு டப்பா.

"என் டப்பாதேன்" என்று சிரித்தாள். "வெத்தல போட்டா மேஸ்திரி வையுவாரு. அதுனால இங்கன ஒளிச்சு வச்சிருந்தோம். கல்யாணத்துக்கு முந்தின நாளு வச்சது."

மூடியைத் திறக்கப் பார்த்தாள், திறக்கவில்லை. கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு, திரும்ப அந்தப் பிளவிலேயே போட்டுவிட்டாள். நான் கேட்டும் கொடுக்கவில்லை.

சோலைக்காட்டைத் தாண்டியதும் புல்மேடு. அங்கே நின்று திரும்பினால் கீழே போடி தெரிந்தது. அதற்கப்பால் தென்னந்தோப்புகள், தகடு தகடாக மின்னும் கண்மாய்கள், ஒரு கோடு போல ரயில் பாதை. அம்மா அரிவாளைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அந்தா தெரியுதே, அதுவாம்மா போடி?" என்று லைப்ரரியம்மாவிடம் கேட்டாள்.

லைப்ரரியம்மாவுக்கு ஆச்சரியம். "நீங்க ஏழு வருஷம் இந்த வழியா வந்திருக்கீங்களே. பார்த்ததில்லையா?"

"ஏறும்போது முதுகுக்குப் பின்னாடியில்ல இருக்கு. தலையில சொமை இருந்தா கழுத்தத் திருப்ப முடியாதும்மா. எறங்கும்போது கண்ணு காலடியிலயே இருக்கும். எங்க பாக்க?"

லைப்ரரியம்மா சிவப்பு மூடி போட்ட பிளாஸ்கைத் திறந்து, மூடியில் டீ ஊற்றி அம்மாவுக்குக் கொடுத்தார். அம்மா புல்லில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு குடித்தாள். காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு வேலையும் இல்லாமல் எதையாவது பார்த்துக்கொண்டிருந்த அம்மாவை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வெகுநேரம் இருந்தோம். கீழே மேகம் வந்து போடியை மூடிய பிறகுதான் எழுந்தோம்.

இறங்கும்போது அது நடந்தது. பாலத்துக்கு அரை மைல் மேலே ஓர் ஓடை. பாசி பிடித்த கல்லில் கால் வைத்து லைப்ரரியம்மா சறுக்கி விழுந்தார். எழுந்து நிற்க முடியவில்லை. கணுக்கால் கண்ணெதிரிலேயே வீங்கியது. அம்மா துண்டைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். மிச்சத் துண்டைச் சுருட்டினாள். நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அதைத் தலையில் வைத்து, அந்தப் பச்சைப் பையைத் தூக்கி அதன்மேல் ஏற்றினாள். அவ்வளவு பெரிய பை. கையால் பிடிக்கக்கூட இல்லை. ஒரு கையால் லைப்ரரியம்மாவின் இடுப்பைத் தாங்கிக்கொண்டாள். மறு கையில் அரிவாள். எனக்கு வாய் பிளந்துவிட்டது.

"ஆத்தா, நீ முன்னால ஓடு. அப்பா வந்துருப்பாரு. இந்தம்மாவுக்குக் கால் சுளுக்கிருச்சு, ஜீப்பப் பாலத்துக்குக் கொண்டாரச் சொல்லு. நாங்க பாலத்துல நிக்கிறோம். வெரசா ஓடு."

இரண்டரை மைல் ஓடினேன். ஓடும்போது என் மனதில் இருந்தது சுளுக்கு இல்லை, ஜீப்பு இல்லை. கையால் பிடிக்காமல் அம்மா சுமந்துவந்த அழகுதான். ஊரில் எல்லோரிடமும் அதைச் சொல்ல வேண்டும் என்று ஒரே துடிப்பு.

டீக்கடை வாசலில் அப்பா நின்றிருந்தார். போடியிலிருந்து வந்து ஒரு மணி நேரமாகிறதாம். வீடு பூட்டியிருக்க, அத்தை வேறு எதையெதையோ சொல்லிவைத்திருக்கிறாள். சுற்றிலும் ஐந்தாறு ஆண்கள்.

"எங்க ஒங்கம்மா?"

எனக்கு மூச்சு வாங்கியது. "அம்மா அந்தம்மா பையத் தலையில தூக்கிட்டு வருது" என்றேன். பெருமையாகச் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், "என்னண்ணே, வீட்டுல மறுபடியும் சொமைக்குப் போக ஆரம்பிச்சிட்டாகளா?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அப்பாவின் முகம் எப்படி மாறியது என்று இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. கறுத்துப்போனது என்று எழுதினால் போதாது. யாரோ அவரைக் கன்னத்தில் அடித்துவிட்டு ஓடிப்போன மாதிரி இருந்தார். போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஸ்டார்ட் பண்ணவில்லை. ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்து அப்படியே இருந்தார்.

மீதியைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். சுளுக்கு, பாலம், ஜீப்பு என்று மூன்று சொல்தான். அந்த முகத்துக்குப் பக்கத்தில் போக எனக்குப் பயமாக இருந்தது. வண்டியில்தான் உட்கார்ந்திருக்கிறாரே, எப்படியும் எடுத்துக்கொண்டு போவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, காப்பிக் களத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். ஜீப்பு கிளம்பும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். தேனீச் சத்தம்தான் கேட்டது.

வெயில் சாய்ந்த பிறகு அவர்கள் வந்தார்கள். பாலத்தில் வெகுநேரம் காத்திருந்துவிட்டு நடந்தே வந்திருக்கிறார்கள். லைப்ரரியம்மா நொண்டி நொண்டி, உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தார். அம்மாவின் தலையில் பை. டீக்கடையில் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

அப்பா ஜீப்பிலிருந்து குதித்து இறங்கினார். "எறக்கு" என்றார்.

அம்மா நின்று அவரைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஜீப்பையும் பார்த்தாள்.

"எறக்குன்னு சொல்றேன்ல."

"வீட்டுல எறக்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அம்மா அவரைத் தாண்டி நடந்து போனாள். கழுத்தைத் திருப்பவில்லை.

அன்றைக்கு வீட்டில் சண்டை இல்லை. அதுதான் கொடுமை. அப்பா டீக்கடையில் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் லைப்ரரியம்மாவைப் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அப்பாவே வண்டியை எடுத்தார். பின்சீட்டில் தலையணை போட்டு அவர் காலை அதன்மேல் வைத்துவிட்டார். துணைக்கு என்னை ஏற்றிக்கொண்டார். பாதி வழியில் லைப்ரரியம்மா, கோபமில்லாமல், மெதுவாகத்தான் சொன்னார்:

"உங்க மனைவியை நான் சுமக்கச் சொல்லலைங்க. நான் விழுந்துட்டேன், வேற வழியில்ல. நீங்க வருவீங்கன்னுதான் பொண்ணை அனுப்பிட்டு, பாலத்துல அவ்வளவு நேரம் காத்திருந்தோம்."

வண்டியின் வேகம் குறைந்தது. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் என் பாவாடை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் பார்த்தாரோ தெரியாது. ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"ஆமாம்மா. புள்ள வந்து சொல்லுச்சு. நான்தேன் வீம்புக்கு நின்னுட்டேன். என் தப்புதேன். மன்னிச்சிருங்க."

அவரைத் திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, மலையடிவாரத்தில் முந்தல் பக்கம் வண்டியை ஓரமாக நிறுத்தினார். எனக்கு அடி விழும் என்று நினைத்தேன்.

"பயந்துட்டியாத்தா?"

தலையை ஆட்டினேன்.

"சரி, விடு" என்றார். அதோடு சரி. அதற்குப் பிறகு சாகும்வரை அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை.

பத்து நாள் கழித்து லைப்ரரியம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்டினேன். கால் தேவலை, புல்மேட்டை மறக்க முடியாது என்றெல்லாம் எழுதிவிட்டு, "உங்கள் கணவர் மேல் கோபம் வேண்டாம். ஜீப்பைக் கொண்டுவராதது தன் தவறுதான் என்று வழியிலேயே ஒப்புக்கொண்டார்" என்று எழுதியிருந்தார். அதையும் என் வாயால் வாசித்தேன். அப்பா வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டது. அம்மா, "ஒத்துக்கிட்டாராமா? எங்கிட்ட ஒத்துக்கிட்டா வாய் தேஞ்சிருமாக்கும்" என்றாள். அப்பா இன்னொரு செம்புத் தண்ணீர் மொண்டு காலில் ஊற்றிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவிடம், "அந்தத் தடத்தக் காமி" என்றார். நானும் கூடப் போனேன். ரப்பர் செருப்போடு வந்தார். வருடக்கணக்காக மேடேறி நடக்காத உடம்பு. பத்தடிக்கு ஒரு தரம் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அம்மா மேலே நின்று காத்திருந்தாளே தவிர, கை கொடுக்கவில்லை. புல்மேட்டில் போய் உட்கார்ந்து வெகுநேரம் கீழே பார்த்தார். "நல்லாத்தேன் இருக்கு" என்றார். அம்மா அதை மன்னிப்பாக எடுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். பாதி மன்னிப்பாக.

அந்த முன்னறைக்குள் டயர்கள் திரும்பப் போகவில்லை. லைப்ரரியம்மா சொல்லி அடுத்த வருடம் இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் சொல்லி இன்னும் சிலர். அம்மா தடம் காட்டப் போனாள். அப்பா எல்லோரையும் பாலம் வரைக்கும் ஜீப்பில் கொண்டுபோய் விடுவார். இறக்கிவிடும்போது ஒவ்வொருத்தர் பையையும் தூக்கிப் பார்த்து, "இத நீங்களே சொமந்துக்குவீகளா?" என்று கேட்பார். முடியாது என்றால் பையை ஜீப்பிலேயே வைத்துக்கொள்வார். சாயங்காலம் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னாலேயே போய்ப் பாலத்தில் நிற்பார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

ஆனாலும் வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும், அது உப்பில்லாத குழம்பில் தொடங்கினாலும், அம்மா கடைசியில் அங்கேதான் வந்து நிற்பாள். "பாலத்துக்கு ஜீப்பக் கொண்டாராத மனுசன்தான நீங்க." அதோடு சண்டை முடிந்துவிடும். அப்பா பதில் சொல்ல மாட்டார். பல தடவை நான் அதே அறையில் இருந்திருக்கிறேன். அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. படித்தேன், தபாலாபீசில் வேலைக்குப் போனேன், கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பெற்றேன். ஒவ்வொரு வயதிலும், இனிமேல் சொல்லி என்ன என்று எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் அப்பா போய்விட்டார்.

அம்மாவுக்கு இப்போது எண்பத்திரண்டு. தம்பி குடும்பத்தோடு குரங்கணியில்தான் இருக்கிறாள். முன்னறையைத் தம்பி நன்றாகக் கட்டியிருக்கிறான். ஊரில் எத்தனையோ வீடுகளில் அறை வாடகைக்கு என்று போர்டு தொங்குகிறது. எங்கள் வீட்டில் போர்டு இல்லை. தடத்தில் நடக்க வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். மற்றபடி அது அங்கேயே இருக்கிறது, கூட்டமில்லாமல். நம்மால் புல்மேடு வரைக்கும் முடியாது. மூச்சுப்பாறை வரைக்கும் மெதுவாகப் போகலாம்.

போன தைக்கு நான் அங்கே போயிருந்தபோது ஓர் இளம் தம்பதி தங்கியிருந்தார்கள். வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிற மாதிரி அம்மா அவர்களிடமும் அந்தக் கதையைச் சொன்னாள். சுளுக்கு, பை, பாலம். "எங்க வீட்டுக்காரரு வீம்பு அப்பிடி. ஜீப்புலயே ஒக்காந்துருக்காரு, எடுத்துட்டு வரல" என்று முடித்தாள். அந்தப் பிள்ளைகள் சிரித்தார்கள். அப்பாவின் படம் சுவரில் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

அவர்கள் நடக்கக் கிளம்பிப் போனதும் சொல்லிவிட்டேன். "அம்மா, நீ சொன்னத நான் அப்பாட்டச் சொல்லவே இல்ல. பை தூக்கிட்டு வர்றன்னு மட்டுந்தேன் சொன்னேன். பாலத்துல நிக்கிறது அவருக்குத் தெரியாது."

அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். கேட்கவில்லையோ என்று திரும்பச் சொல்லப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினாள். கட்டிலில் விரித்திருந்த போர்வையை நீவி நீவிச் சரிசெய்துகொண்டே இருந்தாள். அதில் ஒரு சுருக்கமும் இல்லை.

"அவருக்கு எப்பத் தெரியும்?" என்றாள்.

"மறுநாளே. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில."

"தெரிஞ்சுமா இம்புட்டு வருசம் வாயத் தொறக்கல?"

"என்னய நீ அடிப்பேன்னு இருந்துருப்பாரு. அப்புறம் அப்பிடியே விட்டுட்டாரு."

போர்வையிலிருந்து கையை எடுத்தாள். "நீயாச்சும் எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லடி. அவரு இருக்கும்போது சொல்லிருந்தா, ஒரு நாளாச்சும் அவருக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லிருப்பேன்ல."

அன்று முழுக்க அம்மா என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டுவைத்துவிட்டு, தம்பி மகளை விட்டு என்னைச் சாப்பிடக் கூப்பிடச் சொன்னாள். எனக்கு வயது அறுபத்திரண்டு. பத்து வயதில் வாங்கியிருக்க வேண்டியதை அன்றைக்கு வாங்கிக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்து சாப்பிட்டேன்.